எழுத்து வசப்படாத பிள்ளை

புதுக்கோட்டை என்றதும் நேயர்கள் தொண்டைமான்கள் ஆண்ட பழைய சமஸ்தானத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். நாம் சொல்லும் புதுக்கோட்டை தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலிக்குப் போகும் பெருஞ்சாலையில் இருப்பது. துறைமுகத்துக்குச் செல்லும் லாரிகளும் அங்கிருந்து திரும்பும் லாரிகளும் இரவு பகல் பாராமல் அவ்வழியே ஓடுகின்றன. சென்ற கோடையில் அவ்வூரில் நம் நண்பர் ஒருவருடைய வீட்டில் இரண்டு நாட்கள் தங்க நேர்ந்தது. நண்பர் உப்பு ஏற்றும் லாரிகள் இரண்டுக்குச் சொந்தக்காரர். அவருடைய மூத்த மகனுக்குப் பத்து வயது.

மாலையில் திண்ணையில் அமர்ந்து அந்தப் பிள்ளையிடம் பேச்சுக் கொடுத்தோம். உப்பளத்தைப் பற்றிக் கேட்டதுதான் தாமதம். பாத்தி கட்டுவது எப்படி, நீரை ஒரு பாத்தியிலிருந்து மறு பாத்திக்கு ஏன் மாற்றுகிறார்கள், மேல்காற்று வீசினால் உப்பு ஏன் விரைவில் விளைகிறது, ஐப்பசி மழை இறங்கியதும் அளத்தில் ஏன் வேலை நின்றுபோகிறது என்றெல்லாம் அநுபவசாலியைப் போல நிதானமாக எடுத்துச் சொன்னான். அருகில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அவனுடைய ஆச்சி, "இந்தப் பிள்ளைக்குப் புத்தி இல்லைன்னு சொல்லுதாகளே, நீங்களே கேட்டுக்கிடுங்கய்யா" என்றார்.

பிறகு தாயார் அவனுடைய நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினார். அதைக் கண்டு நாம் திகைத்தோம் என்றே சொல்ல வேண்டும். 'கடல்' என்பது 'கலட்' என்று இருந்தது. 'பழம்' என்பது 'பளம்' என்று இருந்தது. எழுத்துகள் கோட்டின்மேல் நிற்காமல் ஏறியும் இறங்கியும் கிடந்தன. பக்கம் நெடுகச் சிவப்பு மை. அடியில், 'கவனமில்லை, சோம்பல்' என்று உபாத்தியாயரின் தீர்ப்பு. உப்பு விளையும் முறையை ஒரு மணி நேரம் விளக்கிய பிள்ளை, 'உப்பு' என்ற சொல்லை எழுத ஐந்து நிமிஷம் எடுத்துக்கொண்டான். அப்போதும் ஓர் எழுத்து விடுபட்டுப் போயிற்று.

நண்பர் அதுவரை வாய் திறக்கவில்லை. பிள்ளை உள்ளே போன பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்: "நானும் இப்படித்தான். எட்டாவதோடு நின்றவன். பில்லைப் படிக்கச் சொன்னால் கண்ணாடி எடுத்து வரவில்லை என்பேன். எனக்குக் கண்ணாடியே கிடையாது. நான் பட்டதை இவன் படக்கூடாதே என்றுதான் இவனை அடித்தேன்."

திருநெல்வேலியில் ஒரு மனோதத்துவ நிபுணர் பிள்ளையைப் பரிசோதித்து, அவனுக்கு இருப்பது டிஸ்லெக்ஸியா, டிஸ்கிராபியா என்று எழுதிக் கொடுத்திருந்தார். பள்ளியில் அவன் தினந்தோறும் அழுவதைக் காணச் சகியாமல், தாயார் தம் கணக்கெழுதும் வேலையை விட்டுவிட்டு, வீட்டிலேயே பாடம் சொல்வதென்று தீர்மானித்திருந்தார். அவர் நம்மிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "வியாதிக்குப் பேர் சொல்லிவிட்டார்கள், ஐயா. நாளைக் காலையில் பாடத்தை எப்படி ஆரம்பிப்பது?"

அக்கேள்விக்கு நாம் படித்தும் கேட்டும் அறிந்த விடையைத்தான் இவ்வாரம் எழுதுகிறோம். ஒவ்வொரு வகுப்பிலும் இத்தகைய பிள்ளை ஒன்றாவது இருக்கக்கூடும். ஆகவே இது ஒரு வீட்டின் கேள்வி மட்டும் அன்று.

முதலில் ஒரு திருத்தம். இது வியாதி அன்று. மந்த புத்தியும் அன்று. 1896-ஆம் வருஷத்தில் இங்கிலாந்தில் ஸீபோர்டு என்னும் கடற்கரை ஊரில் பிரிங்கிள் மார்கன் என்ற வைத்தியர், பதினான்கு வயதுப் பையன் ஒருவனைப் பற்றி வைத்தியப் பத்திரிகையில் எழுதினார். பையன் கெட்டிக்காரன், விளையாட்டில் சோடையில்லாதவன், கண் பார்வையில் குறையில்லை. 749-ஐ 867-ஆல் விரைவாகவும் பிழையின்றியும் பெருக்கினான். ஏழு வயதிலிருந்து உபாத்தியாயர்கள் பாடுபட்டும் எளிய சொற்களைக்கூட அவனால் வாசிக்க இயலவில்லை. தன் சொந்தப் பெயரையே எழுத்து இடம் மாற்றி எழுதினான். பாடம் முழுவதும் வாய்வழியாகவே நடக்குமானால் பள்ளியில் இவனே முதல்வனாய் இருப்பான் என்பது அவனுக்குக் கற்பித்த உபாத்தியாயரின் அபிப்பிராயம். புதுக்கோட்டைத் திண்ணையில் நாம் கண்டதும் இதுவேயன்றோ?

அதற்கும் ஒன்பது வருஷம் முன்பே, 1887-இல், ஜெர்மானியக் கண் வைத்தியர் ருடால்ப் பெர்லின் டிஸ்லெக்ஸியா என்ற பெயரைப் பெரியவர்களுக்கு மூளைக் கோளாற்றால் வாசிக்கும் திறன் போய்விடுவதைக் குறிக்க வழங்கியிருந்தார். பிறவியிலேயே வரும் இடர்ப்பாட்டுக்கும் பிற்காலத்தில் அப்பெயரே நிலைத்துவிட்டது. பின்வந்த ஆராய்ச்சியாளர்கள் கண்டுரைப்பதன் சாரம் இது: சொல்லைத் தனித்தனி ஒலிகளாகப் பிரித்து, ஒவ்வோர் ஒலியையும் அதற்குரிய எழுத்தோடு இணைக்கும் வேலை சிலருடைய மூளைக்கு எளிதில் கைவருவதில்லை. இது குடும்பங்களில் வழிவழியாக வருவதும் உண்டு. நண்பருடைய 'கண்ணாடி'க் கதையின் மர்மம் அதுவே. டிஸ்கிராபியா என்பது எழுதும் தொழிலைப் பற்றியது. எழுத்தின் வடிவத்தை நினைவிலிருந்து எடுப்பதும், விரல்களை அவ்வடிவத்தில் செலுத்துவதும், கோட்டையும் இடைவெளியையும் காப்பதும் அத்தகைய பிள்ளைக்குப் பெரும் பிரயாசை. இவ்விரண்டும் அடியோடு மறைந்துவிடுவன அல்ல. ஆனால் முறையான பயிற்சியால் பிள்ளை வாசிக்கவும் எழுதவும் கற்றுக்கொள்ள முடியும்.

ஆங்கிலத்தைப் போல எழுத்தொன்று ஒலியொன்று என்ற குழப்பம் தமிழில் இல்லையே, தமிழ்ப் பிள்ளைக்கு இத்தொல்லை எப்படி வரும் என்று சிலர் கேட்கலாம். நம் எழுத்து ஒழுங்கானதுதான். எனினும் அதற்கும் சில வளைவு நெளிவுகள் உண்டு. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247. 'கொ' என்று எழுதும்போது நாக்கு முதலில் சொல்வது ககர ஒலியை. கண் முதலில் காண்பது கொம்பை. காதின் வரிசை ஒன்று, கண்ணின் வரிசை மற்றொன்று. 'ர' என்ற எழுத்துக்கும் காலுக்கும் வடிவில் வேற்றுமை சிறிதளவே. ல, ள, ழ மூன்றையும், ன, ண, ந மூன்றையும், ர, ற இரண்டையும் நம் பேச்சு பல இடங்களில் ஒன்றாக்கிவிடுகிறது. தென்பாண்டிச் சீமையில் பழத்தைப் 'பளம்' என்று சொல்லாதவர் எத்தனை பேர்? அந்தப் பிள்ளை தன் காது சொன்னதை நேர்மையாக எழுதினான். அதற்குச் சிவப்பு மை கிடைத்தது. இவை போதாவென்று, பேச்சுத் தமிழ் ஒன்றாகவும் புத்தகத் தமிழ் வேறொன்றாகவும் இருக்கின்றன. 'வந்தாங்க' என்று பேசும் பிள்ளை 'வந்தார்கள்' என்று வாசிக்க வேண்டும்.

எழுத்தைக் கற்போருக்கு எளிதாக்குவது தமிழுக்குப் புதிதும் அன்று. காமநாயக்கன்பட்டியில் பணி செய்த வீரமாமுனிவர் (1680-1747) எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வடிவ வேற்றுமை காட்டினார். அக்காமநாயக்கன்பட்டி இன்றைய தூத்துக்குடி மாவட்டத்திலேயே இருக்கிறது. தும்பிக்கை போட்டு எழுதிய 'லை', 'னை' முதலியவற்றைச் சீர்செய்ய ஈ.வெ.ரா. 1935-இல் 'குடி அரசு' பத்திரிகையில் வழிகாட்டினார். 1978-இல் தமிழ்நாட்டு அரசாங்கம் அதனை ஏற்றது. மொழிக்காக மனிதன் வளைவதுபோல மனிதனுக்காக எழுத்தும் வளைந்திருக்கிறது. பாடம் மட்டும் ஒரு பிள்ளைக்காக வளையக் கூடாதா?

இனி, முறைக்கு வருவோம். அமெரிக்காவில் ஸாமுவேல் ஆர்ட்டன் என்ற வைத்தியர் 1925-இல் இப்பிள்ளைகளைப் பற்றி எழுதினார். பின்னர் அன்னா கில்லிங்ஹாம் என்ற ஆசிரியை, அவரோடு சேர்ந்து உழைத்து, கண், காது, கை மூன்றையும் ஒருங்கே ஈடுபடுத்தும் போதனா முறையை வகுத்தார். பிள்ளை எழுத்தைப் பார்க்க வேண்டும். அதன் ஒலியை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லும்போதே விரலால் அதை வரைய வேண்டும். இன்று உலகெங்கும் இப்பிள்ளைகளுக்குக் கற்பிப்போர் பலர் இவ்வழியையே தழுவி நிற்கிறார்கள்.

மணலில் விரலால் எழுதி, எழுதும்போதே உரக்கச் சொல்வது என்றால், இது நம் திண்ணைப் பள்ளிக்கூடமேயல்லவா? 1789-இல் சென்னை எழும்பூரில் அநாதைப் பிள்ளைகளின் பள்ளிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பயில்வதைக் கண்டு, அதைத் தம் பள்ளியில் கையாண்டார். பெரிய பிள்ளை சிறிய பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும் சட்டாம்பிள்ளை முறையும் அங்கே இடம் பெற்றது. 1797-இல் லண்டனில் அவர் அதைப் புத்தகமாக வெளியிடவே, 'சென்னை முறை' என்ற பெயரோடு அது கடல் கடந்து பரவியது. நம் வீட்டு மணலை அந்நியர் கண்டு மெச்சிய பிறகும் நாம் அதைப் பெருக்கித் தள்ளிவிட்டோம்.

இதனால் பழைய அண்ணாவிகள் எல்லாம் அறிந்திருந்தார்கள் என்று நாம் பெருமை பேச வரவில்லை. அவர்கள் கையில் மணலோடு பிரம்பும் இருந்தது. எழுத்து வசப்படாத எத்தனை பிள்ளைகள் அந்தப் பிரம்புக்குப் பயந்து மாடு மேய்க்கப் போனார்களோ, கணக்கு இல்லை. மணலை எடுத்துக்கொள்வோம், பிரம்பை அங்கேயே விட்டுவிடுவோம். மணல் ஒன்றே போதும் என்பதும் பிழை. எந்த எழுத்துக்குப் பின் எந்த எழுத்து என்ற ஒழுங்கும், பழகியதைத் திரும்பத் திரும்பப் பழக்கும் பொறுமையும் சேர்ந்தால்தான் மணல் பலன் தரும்.

புதுக்கோட்டைத் தாயாருக்கு நாம் சொன்ன தினசரிப் பாடம் இது. எழுத்துப் பாடம் காலையில் இருபது நிமிஷம். மாலையில் பத்து நிமிஷம். அதற்கு மேல் வேண்டாம். பிள்ளை களைப்பதற்கு முன்பே நிறுத்த வேண்டும்.

முதல் ஐந்து நிமிஷம் எழுத்தே இல்லாத ஒலி விளையாட்டு. 'கடல்' என்பதில் முதல் எழுத்தை விழுங்கிவிட்டால் மிஞ்சுவது என்ன? 'முத்து' என்பதற்கு எத்தனை தட்டு? 'பல்' என்பதில் 'ப'வை எடுத்துவிட்டுக் 'க' வைத்தால் என்ன ஆகும்? ஆச்சியும் சேர்ந்து விளையாடலாம்.

அடுத்து மணல். ஒரு தாம்பாளத்தில் ஆற்று மணலைச் சலித்துப் பரப்பிக்கொள்ளலாம். எழுத்து உள்ளங்கையை விடப் பெரிதாக இருக்கட்டும். விரல் நகரும்போதே வாய் ஒலியைச் சொல்லட்டும். அகர வரிசையிலேயே தொடங்க வேண்டும் என்ற நிர்ப்பந்தம் இல்லை. அகரத்தில் இருக்கும் சுழிகள் எழுத வராத கைக்குக் கடினம். ட, ப, ம என்ற நேர்கோட்டு எழுத்துகள் எளியவை. இந்த மூன்றோடு புள்ளி ஒன்றையும் சேர்த்தால் படம், மடம், பட்டம், மட்டம் என்று நான்கு சொற்கள் கிடைத்துவிடும். முதல் வாரத்திலேயே தன்னால் வாசிக்க முடிகிறது என்று பிள்ளை கண்டுகொள்வான். வருஷக் கணக்கில் தோற்றுப்போன பிள்ளைக்கு அந்த நான்கு சொற்கள் எவ்வளவு பெரிய செல்வம் என்பதை மற்றவர் அறிய மாட்டார்கள்.

பழகிய எழுத்து தயங்காமல் வரும் வரையில் புதிய எழுத்தைத் தொடக்கூடாது. ஒன்றுபோல் தோன்றும் எழுத்துகளையும் ஒன்றுபோல் ஒலிக்கும் எழுத்துகளையும் ஒரே வாரத்தில் கற்பிக்கலாகாது. லகரம் நன்றாக ஊன்றிய பிறகே ளகரம். அதுவும் ஊன்றிய பிறகே ழகரம். கொம்புக்கு ஓர் உபாயம் உண்டு. மெய்யெழுத்து ஓர் அட்டையிலும் கொம்பு, கால் முதலியன வேறு நிற அட்டைகளிலும் இருக்கட்டும். பிள்ளை நாக்கின் வரிசைப்படி முதலில் மெய்யை வைத்து, பிறகு கொம்பை எடுத்து அதன் இடப்பக்கம் கொண்டுபோய்ச் சேர்க்கட்டும். ஒலியின் வரிசைக்கும் வடிவின் வரிசைக்கும் உள்ள பிணக்கு கையினால் தீரும்.

வாசிக்கக் கொடுக்கும் வாக்கியத்தில் அவன் பழகாத எழுத்து எதுவும் இருக்கலாகாது. தெரியாததை ஊகித்து ஒப்பேற்றும் பழக்கம் அவனுக்கு ஏற்கெனவே இருக்கும்; அதை வளர்க்க வேண்டாம். தவறினால், "தப்பு" என்று கூவாமல், அவ்வெழுத்தை மீண்டும் ஒருமுறை மணலில் எழுதச் சொன்னால் போதும்.

எழுதுவதில் இன்னும் கருணை வேண்டும். பிழையான சொல்லைப் பத்து முறை எழுதச் சொல்வது நம் நாட்டுப் பள்ளிகளின் பழைய வழக்கம். டிஸ்கிராபியா உள்ள பிள்ளையின் கை, மூன்றாவது முறையிலேயே சோர்ந்து, பத்தாவது முறையில் பிழையையே கற்றுக்கொள்ளும். ஒரு முறை நன்றாக எழுதினால் அன்றைக்கு அது போதும். பெரிய கட்டம் போட்ட நோட்டும், பருமனான பென்சிலும், சரிவான பலகையும் உதவும். மகாத்மா காந்தி தம் கையெழுத்து அழகில்லை என்று சத்திய சோதனையில் வருந்தியிருப்பது நேயர்களுக்குத் தெரியும். பிள்ளைகள் முதலில் சித்திரம் வரையப் பழகிய பின்பே எழுதப் பழக வேண்டும் என்பது அங்கே அவர் சொல்லும் யோசனை. கோலப் புள்ளியும், சங்கும், பாய்மரமும் வரைந்து பழகிய விரல் எழுத்துக்கும் சற்று இணங்கும்.

தட்டெழுத்தையும் அலட்சியம் செய்ய வேண்டாம். 1999-இல் வகுக்கப்பட்ட தமிழ்99 விசைப்பலகையில் ஓர் அருமையான வசதி உண்டு. 'கெ' வேண்டுமானால் முதலில் 'க', பிறகு 'எ' என்று ஒலியின் வரிசையிலேயே தட்டலாம். கொம்பைத் தக்க இடத்தில் வைப்பது இயந்திரத்தின் பொறுப்பு. கையெழுத்தோடு போராடும் பிள்ளை தன் மனத்தில் உள்ளதை முதன்முதலாகத் தடையின்றி எழுதிப் பார்ப்பதற்கு இது நல்ல வாயில்.

இவ்வளவும் எழுத்துப் பாடம். இப்போது சொல்லப் போவதே நாம் முக்கியமாகக் கருதுவது. எழுத்துப் பாடம் வேறு. அறிவுப் பாடம் வேறு. எழுத்துப் பாடம் நத்தையாய் ஊர்ந்தாலும் அறிவுப் பாடம் அதற்காகக் காத்திருக்கக் கூடாது. வாசிக்க வராதவனுக்குச் சரித்திரம் எதற்கு என்று நிறுத்திவிட்டால், அவன் உண்மையிலேயே பின்தங்கிப் போவான். பிறகு உலகம் அவனை மூடன் என்பது மெய்யாகிவிடும்.

தென்னாப்பிரிக்காவில் 1910-இல் தொடங்கிய டால்ஸ்டாய் பண்ணையில் காந்தியடிகள் தாமே உபாத்தியாயராக இருந்தார். அங்கிருந்த பிள்ளைகளில் தமிழ்ப் பிள்ளைகளும் உண்டு. புத்தகம் வாசிப்பது பிள்ளைகளுக்குச் சுமையாக இருந்ததென்றும், தாம் வாயால் சொன்னதை அவர்கள் எளிதில் மனத்தில் வாங்கித் திருப்பிச் சொன்னார்கள் என்றும் அவர் எழுதியிருக்கிறார். ஸீபோர்டு உபாத்தியாயர் யோசித்ததைக் காந்தியடிகள் செய்தே பார்த்துவிட்டார்.

வீட்டில் அதற்கு வழியா இல்லை? பாடப் புத்தகத்தைத் தாயார் வாசிக்க, பிள்ளை கேட்கட்டும். கைப்பேசியும் இன்று வாசித்துக் காட்டுகிறது. கேட்டதை அவன் தன் சொல்லில் திருப்பிச் சொல்லட்டும். அதைக் கைப்பேசியில் பதிவு செய்துகொண்டால் அதுவே அவனுடைய விடைத்தாள். கட்டபொம்மனைப் பற்றிய பாடத்துக்குப் பாஞ்சாலங்குறிச்சிக்கு அழைத்துப் போகலாம். சிதம்பரம் பிள்ளையின் சுதேசிக் கப்பல் பாடத்துக்கு ஒட்டப்பிடாரத்தில் அவர் பிறந்த இல்லத்தையும், 1906-இல் அவர் கம்பெனி நிறுவிக் கொழும்புக்குக் கப்பல் விட்ட துறைமுக நகரையும் காட்டலாம். கணக்குக்குப் பல்லாங்குழியும் சோழியும், படியால் அளந்த உப்பும், பாகக் கணக்கில் முடிச்சிட்ட கயிறும் போதும். கடலின் ஆழத்தைப் பாகத்தால் அளந்து முத்துச் சிலாபத்தில் மூழ்கியவர்கள் பலர் பள்ளியில் பயின்றவர்கள் அல்லர். கடலடியில் 'பார்' எங்கே இருக்கிறது, காற்று எப்போது திரும்பும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். எழுத்து இல்லாததால் அவர்களை அறிவிலிகள் என்று இக்கடற்கரையில் யார் சொல்லத் துணிவார்?

சில எச்சரிக்கைகள். பாடமுறையை மாற்றுமுன் பிள்ளையின் கண்ணையும் காதையும் வைத்தியரிடம் காட்டிவிட வேண்டும். தகுதியுள்ள நிபுணரின் பரிசோதனை அவசியம். ஞாபக சக்தி லேகியம், வர்ணக் கண்ணாடி என்று வருகிறவர்களிடம் பணத்தை இழக்க வேண்டாம். அவற்றால் வாசிப்பு வரும் என்பதற்கு அத்தாட்சி இல்லை. தங்கையோடு ஒப்பிட்டுப் பேசுவது பிரம்படியை விடக் கொடிது. வீட்டுப் படிப்பு பிள்ளையைத் தனிமைச் சிறையில் வைப்பதாகவும் ஆகிவிடக் கூடாது. மாலையில் தெருப் பிள்ளைகளோடு அவன் பந்தாடியே ஆகவேண்டும்.

பள்ளியை அடியோடு மறந்துவிடவும் வேண்டாம். 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கல்வியை உரிமையாக்கியிருக்கிறது. 2016-இல் இயற்றப்பட்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், இத்தகைய கற்றல் இடர்ப்பாடுகளையும் தன் 21 வகைகளுள் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. தமிழ்நாட்டுப் பொதுப் பரீக்ஷைகளில் உரிய சான்றிதழ் உள்ள பிள்ளைகளுக்குக் கூடுதல் நேரமும், சொல்வதை எழுதும் துணையாளும், ஒரு மொழிப் பாடத்திலிருந்து விலக்கும் கேட்டுப் பெற வழியுண்டு. பள்ளிக்குத் திரும்பாத பிள்ளைக்கு, 1989-இல் மத்திய அரசாங்கம் தொடங்கிய தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழியாகப் பதினான்கு வயதுக்கு மேல் பத்தாம் வகுப்புப் பரீக்ஷை எழுத இடம் இருக்கிறது. சென்னையில் 1991-இல் தோன்றிய மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா சங்கம் பிள்ளைகளுக்கு உதவுவதோடு ஆசிரியர்களுக்கும் பயிற்சி தருகிறது. இச்சலுகைகளைப் பிச்சை என்று எண்ணிக் கூசும் பெற்றோர்கள் இருக்கிறார்கள். காலில் குறையுள்ளவன் ஊன்றுகோல் பிடிப்பதில் என்ன கூச்சம்?

தை மாதத்தில் மறுபடி புதுக்கோட்டைக்குப் போயிருந்தோம். அற்புதம் எதுவும் நிகழ்ந்துவிடவில்லை. பிள்ளை நான்கு வரிக் கதை ஒன்றை விரலை வைத்துக்கொண்டு மெல்ல வாசித்தான். இரண்டு இடத்தில் தடுமாறினான். ஒன்றைத் தானே திருத்திக்கொண்டான். கையெழுத்து இன்னும் கோட்டை மீறித்தான் ஓடுகிறது. தாயாரின் முகத்தில் களைப்பு இருந்தது. விட்ட வேலை திரும்பக் கிடைக்குமோ என்ற கவலையும் இருந்தது. வருகிற ஆனியில் பிள்ளையை வேறொரு பள்ளியில் சேர்க்க முயல்வதாகச் சொன்னார். அங்குள்ள தலைமையாசிரியர் முன்கூட்டியே வந்து பேசும்படி கூறியிருக்கிறாராம்.

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு காட்சி கண்டோம். கூடத்தில் மணல் தாம்பாளம். அதன் ஒருபுறம் பிள்ளை. மறுபுறம் நம் நண்பர். தகப்பனாரின் கட்டைவிரல் பருமனான ஆள்காட்டி விரலைப் பிடித்து, பிள்ளை ளகரத்தைச் சுழித்துக் காட்டிக்கொண்டிருந்தான். சட்டாம்பிள்ளை வேலை அவனுக்கு நன்றாகவே வருகிறது. "அப்பா, வாயால சொல்லிக்கிட்டே எழுதணும்" என்று கண்டிப்பாகச் சொன்னான். நண்பர் சொல்லிக்கொண்டே எழுதினார்.

மறுநாள் காலை லாரிக்கு டீசல் போட்ட பில் வந்தது. நண்பர் அதை வாங்கி, வாசற்படியில் நின்று, உதடு அசைய வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.